கவ்வாத்துப் போட்ட தக்காளி

இலங்கையிலிருந்து கப்பலில் வந்த நம் ஆட்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் டிரங்குப் பெட்டியில்தான் போய் நிற்கும். போன வாரம் கலியாண வீட்டுப் பந்தியிலும் அதுதான் நடந்தது. ஒருத்தி தையல் மிஷின் என்றாள். இன்னொருத்தி ரேடியோ என்றாள். ஒருவர் ஆறு கோப்பையும் சாஸரும் உடையாமல் கொண்டுவந்து சேர்த்ததை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். என் முறை வந்தபோது, "எங்க பெட்டியில ஒரு பழைய படங்கு இருந்துச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மீதியைச் சொல்வதற்குள் பாயசம் வந்துவிட்டது, அத்தனை பேர் கவனமும் இலைக்குப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். இங்கே குறுக்கே யாரும் பாயசம் ஊற்ற முடியாது.

படங்கு என்றால் நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறபோது சேலை நனையாமல், செடிக் குச்சி கிழித்துவிடாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற சாக்கு. அம்மா கொண்டுவந்த படங்கில் ஒரு ஓரம் முழுக்கச் செம்மண் நிறத்தில் கறை காய்ந்து கிடக்கும். கறைக்குள் விரலால் தடவினால் சின்னச் சின்னதாக நெருடும். அத்தனையும் தக்காளி விதை.

தடவிக் கொடுத்தது பெரியம்மா. அம்மாவுக்கு மூத்தவள். இலங்கைத் தோட்டத்தில் எங்கள் லயத்திலேயே, அதே வரிசை வீட்டில், அடுத்த காம்பராவில் இருந்தாள். பெரியப்பா நான் பிறக்குமுன்பே காலமாகிவிட்டார், பிள்ளை கிடையாது, என்னைப் பாதி வளர்த்தது அவள்தான். லயத்துக்குப் பின்னால் மலை ஊற்றிலிருந்து பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் அவள் போட்ட தக்காளி வருஷா வருஷம் காய்க்கும். இப்போது கடையில் கிடைக்கிற வழுவழுப்பான தக்காளி இல்லை. வரிவரியாக, குட்டிப் பரங்கிக்காய்போல இருக்கும். புளிப்பென்றால் புளிப்பு. அதைச் சுட்டு, மிளகாயும் உப்பும் வைத்து நசுக்கிக் கொடுத்தால் இரண்டு றொட்டி கூடுதலாக இறங்கும்.

இந்தியா போக எங்களுக்குக் கார்டு வந்துவிட்டது. பெரியம்மாவுக்குத் தனிக் கார்டு, அது வரவில்லை. நாங்கள் புறப்படுவதற்கு முந்தின வாரம் அந்த வருஷத்துத் தலைப்பழத்தைப் பிசைந்து படங்கில் தடவி நிழலில் காயவைத்தாள். மடித்து அம்மா கையில் கொடுத்தாள்.

"நான் அங்க வர்ற அன்னைக்கி எனக்கு இதுல ஒரு பழம் தரணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"தர்றேங்க்கா" என்றாள் அம்மா.

கப்பல் இறங்கி மண்டபம் முகாமில் இருந்த நாளெல்லாம் அம்மா தினமும் மத்தியானம் அந்தப் படங்கை எடுத்து நிழலில் விரித்து வைத்தாள். கடற்காற்றில் ஈரம் ஏறிவிடும் என்று பயம். அது என்ன என்று ஒரு அதிகாரி கேட்டதற்கு, "சாக்குதாங்க" என்று சொல்லி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்குக் கிடைத்தது கோத்தகிரிப் பக்கம் ஒரு சர்க்கார் தோட்டம். புதிதாகக் கட்டிய லைன் வீடுகள், சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. பின்னால் கற்பூர மரக்காடு. கீழே பள்ளத்தில் படுகர் ஒருவருடைய உருளைக்கிழங்குக் காடு. தேயிலையைப் பார்த்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். செடி முழங்கால் உயரம்கூட இல்லை. நட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

அப்பா கவ்வாத்து ஆள். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு தரம் ஒரே மட்டமாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அப்போதுதான் புதுத் துளிர் பக்கவாட்டில் அடித்துக் கொழுந்து சேரும். எங்கள் பழைய தோட்டத்தில் அவர் வெட்டின வரிசைமேல் பாய் விரித்துப் படுக்கலாம் என்று கங்காணி சொல்வாராம். அப்படிப்பட்டவருக்கு இங்கே வேலை குழி வெட்டுவது. குட்டிச் செடிக்கு எங்கே கவ்வாத்து? இன்னும் நாலைந்து வருஷம் ஆகும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்பா கவ்வாத்துக் கத்தியைக் கூரை இடுக்கில் சொருகி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார். கல்லில் தீட்டுவார், தேங்காய் எண்ணெய் தடவுவார், திரும்பச் சொருகுவார். அதைப் பார்க்க எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

ஆனி மாதம் அம்மா படங்கின் கறை ஓரத்தைப் பட்டையாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, வீட்டு வாசலில் இரண்டு முழ அகல மண்ணில் அப்படியே நீளவாக்கில் புதைத்தாள். மேலே ஒரு விரல் மண், அதற்குமேல் அடுப்புச் சாம்பல். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று, ஒன்றையும் காணோம். குளிரில் செத்துப்போச்சு என்று அம்மா ஒரு நாள் சோறு தின்னவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் பார்த்தால் தையல் போட்டதுபோல ஒரே கோட்டில் பதினொரு முளை. பிரித்து நட்டதில் ஏழு நின்றது. இலையைத் தொட்டால் கையில் பச்சையாக ஒட்டும் அந்த வாசனை, சோப்புப் போட்டால் நுரை மஞ்சளாக வருமே, அதற்காகவே நான் தினம் பத்துத் தரம் தொட்டேன்.

கிழங்குக் காட்டு அம்மா வெள்ளைத் துணியை மார்போடு சுற்றிக்கொண்டு சாயங்காலம் வேலியோரம் வந்து நிற்பார். எங்கள் செடியைப் பார்ப்பார், படுக பாஷையில் என்னவோ சொல்வார், சிரிப்பார், போய்விடுவார். "நம்மளப் பாத்தா எளக்காரம் இவுகளுக்கு" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் திருப்பிக்கொள்வேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புரட்டாசி. அம்மா ரேஷன் வாங்கப் போயிருந்தாள். செடிகள் என் தொடை உயரத்துக்கு வந்து, கண்டபடி கை நீட்டி, அங்கங்கே மொட்டு விட்டிருந்தன. அப்பா கத்தியைத் தீட்டி முடித்தார். எண்ணெய் தடவினார். கூரைப் பக்கம் போகவில்லை. செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பிடி விட்டா காடாப் போயிரும் புள்ள. ஒரு கவ்வாத்துப் போட்டா பக்கத்துல அடிச்சு நெறையக் காய்க்கும்" என்றார்.

அவர் தக்காளி வளர்த்தவர் இல்லை. அங்கே அது பெரியம்மா பாடு, இவர் சாப்பிட்டதோடு சரி. ஆனால் எனக்கு ஒன்பது வயது, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உயரம் பார்க்க ஒரு குச்சியை ஒடித்து என்னைப் பிடிக்கச் சொன்னார். நான் செடிக்குச் செடி குச்சியை நட்டுப் பிடித்தேன், அவர் அந்த மட்டத்துக்கு வெட்டினார். ஒரே இழுப்பு, சரக்கென்று சாய்வாக. "சாய்ச்சு வெட்டினாத்தான் தண்ணி நிக்காது" என்று சொல்லிக் கொடுத்தார். வாய்க்குள் ஒரு பாட்டு முனகினார். இந்த ஊருக்கு வந்து அவர் பாடி நான் கேட்டது அன்றுதான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏழாவது செடியில் ஒரு கிளையில் மஞ்சள் பூ விரிந்திருந்தது. "இத விட்டிருங்கப்பா" என்றேன். அப்பா யோசித்தார். குளிர் அதிகமான மலையில் கவ்வாத்துப் போடும்போது செடிக்கு மூச்சுவிட என்று ஒரே ஒரு கிளையை வெட்டாமல் விடுகிற பழக்கம் உண்டு. "சரி, மூச்சுவிடக் கெடக்கட்டும்" என்று அந்தக் கிளையை விட்டார்.

அம்மா அரிசிப் பையைத் தலையில் வைத்தபடியே வந்து நின்றாள். ஏழு செடியும் முழங்கால் உயரத்தில் மொட்டையாக, ஒரே மட்டமாக நின்றன. காலடியில் மொட்டோடு தழை குவிந்து கிடந்தது.

"மட்டம் எப்பிடி?" என்றார் அப்பா.

அம்மா பையை இறக்கி வைத்தாள். குவியலிலிருந்து மொட்டுள்ள கிளைகளைப் பொறுக்கி வாளித் தண்ணீரில் நட்டு வைத்துப் பார்த்தாள். அது நிற்குமா? அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "சோறு வடிச்சதும் போட்டுத் திங்கச் சொல்லு ஒங்கப்பன" என்றாள். அப்பா மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து இரண்டு மாசத்துக்கு மேல் அந்த வீட்டில் நான்தான் தபால்காரி. "அம்மா, அப்பா விறகு எங்கனு கேக்குறாரு." "கண்ணு முன்னாடி கெடக்குனு சொல்லு." என் கோபமெல்லாம் அப்பா மேலே. குச்சி பிடித்தது யார் என்பதைப் பற்றி அம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை, அவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் பிரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில், சூப்பர்வைசர் அப்பாவை நிறுத்தினார். கோயமுத்தூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. "ஏனுங்க, உங்க ஊட்டு முன்னால நிக்கறது தக்காளிங்களா, தேயிலைங்களா? கொழுந்து எப்பங்க எடுக்கறீங்க?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கத்தியை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் வெட்டுவாய் அழுகி நாலு செடி போயிற்று. மூன்று மிஞ்சியது. அந்த வாரம் பெரியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். கார்டு வந்துவிட்டது, கார்த்திகையில் கப்பல் ஏறுகிறேன் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, 'லயத்துக்குப் பின்னால் கட்டடம் கட்ட மண்ணைத் தோண்டிவிட்டார்கள், செடியெல்லாம் போய்விட்டது, கையில் ஒரு விதை இல்லை, இனி உன்னிடம் இருப்பதுதான்' என்று எழுதியிருந்தது. அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். வாசலில் அப்பா நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தால் அந்த மூன்று செடிக்குப் பக்கத்தில் மழையில் குந்தி உட்கார்ந்திருந்தார். படங்கின் கறை ஓரம் முழுவதையும் அம்மா ஆனியிலேயே புதைத்துவிட்டிருந்தாள். இனி விதை என்றால் அந்தச் செடியில் பழுக்கிறதுதான்.

வெட்டின மற்ற இரண்டும் அப்போதுதான் துளிர் விட்டுக்கொண்டிருந்தன. காய் இருந்தது மூச்சுவிட விட்ட அந்த ஒரே கிளையில். நாலு காய். பாரம் தாங்காமல் கிளை மண்ணில் சாய்ந்தது. ஒரு நாள் கிழங்குக் காட்டு அம்மா வேலியைத் தாண்டியே வந்துவிட்டார். கையில் மூங்கில் குச்சிகள். "கத்தி வேண்டாம். குச்சி வேணும்" என்றார் தமிழில். அவரே நட்டு, தன் துணி ஓரத்தைக் கிழித்துக் கிளையைக் கட்டினார். இத்தனை நாளாக வேலியோரம் நின்று அவர் சொன்னதெல்லாம் அதுதானாம். செடிக்குக் குச்சி கொடு, குச்சி கொடு என்று. அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

நாலு காயில் ஒன்று மழையில் உதிர்ந்தது. ஒன்றைக் கொண்டைக்குருவி கொத்தியது. மீதி இரண்டுக்கும் அம்மா பழைய ரவிக்கைத் துணியில் பை தைத்துக் கட்டினாள். கார்த்திகை வந்தது, பெரியம்மா வரவில்லை. முகாமில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். காய் மெல்ல நிறம் மாறியது. பறித்து அரிசிக்குள் வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "அக்கா கையால பறிக்கட்டும்" என்றாள் அம்மா.

மார்கழியில் ஒரு விடியற்காலை கிழங்குக் காடு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. உறைபனி. நாங்கள் அதுவரை கண்டதில்லை. அம்மா ஓடிப்போய்ப் பையை அவிழ்த்தாள். வெளிப்பக்கம் இருந்த பழம் வெந்ததுபோல் கூழாகி, மேல்தோல் சுருங்கிக் கிடந்தது. இலைக்குள் மறைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலையில் நான் முகம் கழுவ வெளியே வந்தபோது செடி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கூடாரம் நின்றது. அப்பாவின் கம்பளி, பனி ஊறி விறைத்திருந்தது. நாலு குச்சி நட்டு, இலை நசுங்காமல் மூன்று செடிக்கும் சேர்த்து மேலே போர்த்தி, ஓரத்தில் கல் வைத்திருந்தார். அவருக்கு இருந்தது அந்த ஒரே கம்பளிதான். பிரட்டுக்கு வெறும் சட்டையோடு, கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அம்மா பார்த்தாள். உள்ளே போய்த் தன் கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"என்னங்க. நில்லுங்க. இதப் போத்திக்கிட்டுப் போங்க. சளி புடிச்சா யாரு பாக்குறது?"

அப்பா திரும்பி நின்று வாங்கிக்கொண்டார். அன்றோடு எனக்குத் தபால் வேலை போயிற்று. அதன் பிறகு பொங்கலுக்குள் எத்தனை முறை பனி விழுந்ததோ, தினமும் இருட்டுமுன் கம்பளி செடிக்குப் போய்விடும், காலையில் அம்மாவின் கம்பளி அப்பாவுக்குப் போய்விடும்.

பெரியம்மா மார்கழி கடைசியில் வந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்கு அப்பாதான் போனார். அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வர, பெரியம்மா முன்னால் ஏறி வந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு கன்னத்தைத் தடவினாள். வீட்டுக்குள் நுழையவில்லை. நேராகச் செடியிடம் போனாள்.

மூன்று செடியும் மட்டமாக, பக்கவாட்டில் பரந்து, குட்டித் தேயிலை மாதிரியே நின்றன. பெரியம்மா குனிந்து தண்டைத் தடவினாள். வெட்டுவாயில் விரலை வைத்தாள். அவளும் முப்பது வருஷம் தேயிலையில் நின்றவள்தானே.

"இது என்ன கூத்து? தக்காளிக்குக் கவ்வாத்துப் போட்டது யாரு?"

அப்பா பெட்டியைத் தலையிலிருந்து இறக்கவில்லை. கழுத்து மட்டும் குனிந்தது. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொன்னாள்.

"நான்தாங்க்கா போடச் சொன்னேன். இந்த ஊருக் குளிருக்கு ஒரு தடவ வெட்டிவிட்டாத்தான் நிக்கும்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். பெரியம்மா தங்கச்சியைப் பார்த்தாள், பெட்டிக்குக் கீழே நின்ற மனிதரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா என்ன?

"அப்பிடியா" என்றாள். பிறகு, "மட்டம் நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றாள்.

அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வேர்வை என்று நினைத்தேன். அந்தக் குளிரில் ஏது வேர்வை?

பெரியம்மா பையை அவிழ்த்துப் பழத்தைப் பறித்தாள். அப்பா உள்ளே போய்க் கூரை இடுக்கில் கைவிட்டுக் கத்தியை எடுத்து வந்தார், மூன்று மாசத்துக்குப் பிறகு. அதால்தான் பழம் நாலாக வெட்டப்பட்டது. விதையும் சதையும் வழிந்ததைப் பெரியம்மா ஒரு பொட்டு விடாமல் வழித்து, அந்தப் பழைய படங்கின் மிச்சத்தில் தடவினாள். அப்புறம்தான் உப்புத் தொட்டு ஆளுக்கொரு துண்டு. சில்லென்று இருந்தது. தோல் தடிப்பு. "புளிப்பு கொறஞ்சு போச்சு" என்றாள் பெரியம்மா வாயில் வைத்துக்கொண்டே. "குளிருதான்" என்றார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டு அவள் நெடுநேரம் மென்றாள்.

அடுத்த வருஷம் வாசல் நிறையச் செடி. குச்சி நட்டது கிழங்குக் காட்டு அம்மா. புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெரியம்மா செடிகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல, "இந்த வருசம் கவ்வாத்து எப்ப?" என்று கேட்டாள். அம்மா மாட்டிக்கொண்டாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? கூரை இடுக்கிலிருந்து தானே கத்தியை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினாள். "ஒரு செடி. ஒண்ணே ஒண்ணு. மிச்சத்துல கை வச்சீங்க, பாத்துக்கங்க" என்றாள். அப்பா அந்த ஒரு செடியை அரை மணி நேரம் வெட்டினார். நான் குச்சி பிடித்தேன். மற்றதெல்லாம் காய்த்து ஓய்ந்த பிறகு அந்த ஒன்று மட்டும் மார்கழி வரை காய்த்தது. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தேயிலை கவ்வாத்துக்கு வருகிறவரை வருஷா வருஷம் இப்படியே நடந்தது, வந்த பிறகும் நடந்தது.

அந்தக் கத்தி வீடு மாறினதில் எங்கேயோ போய்விட்டது. படங்கும் இல்லை. விதை இருக்கிறது, இப்போது காகிதத்தில் தடவி வைக்கிறேன். பின்கட்டில் பத்துச் செடி. அதில் ஒன்றை மட்டும் சமையலறைக் கத்தரிக்கோலால் முழங்கால் மட்டத்துக்கு வெட்டிவிடுவேன், ஒரு கிளையை விட்டு. "நல்லா இருந்த செடிய எதுக்கு அத்தை இப்படிப் பண்றீங்க?" என்று மருமகள் போன வாரமும் கேட்டாள்.

"இந்த ஊருக் குளிருக்கு ஒரு தடவ வெட்டிவிட்டாத்தான் நிக்கும்" என்றேன்.